ஈரப்பதம், அல்லது காரணம்

மன்னார்குடியில் உரக்கடை மாடி, ஒரே அறை.
கீழே யூரியா, மேலே ஜாவா.
நாற்பத்தொரு கொள்முதல் நிலையம்,
நிலையத்துக்கு ஒரு கோப்பு,
கோப்புக்குள் மூட்டைவாரியாக ஈரப்பதம்.
ஒரே வரியில் எழுதினேன்:
பெயரை எடு, திற, படி, எண்ணைக் கொடு.

கம்பைலர் மறித்தது.
கோப்பு திறக்காமல் போகலாமே,
அதை எங்கே சொல்லியிருக்கிறாய்?

சொல்ல இடமில்லை.
லாம்டா நுழைகிற வாசலில் எழுதியிருப்பது
ஒன்று வரும், ஒன்று போகும், அவ்வளவுதான்.
'போகாமலும் இருக்கலாம்' என்று போட
அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

போன குறுவையில் தையல்நாயகி
பிழையைப் பிடித்தாள், ஒன்றும் செய்யவில்லை,
பூஜ்யத்தை அனுப்பிவைத்தாள்.
கம்பைலர் வாயை மூடிக்கொண்டது.
கோட்டூரில் அன்று கரண்ட் இல்லை, கோப்பும் இல்லை.
ஆனால் அறுநூறு மூட்டை
பூஜ்யம் சதவீத ஈரத்தோடு தேறிவிட்டது.
அவ்வளவு காய்ந்த நெல் உலகத்தில் இல்லை.
தார்ப்பாய்க்கு அடியில் அது முளைவிட்ட பிறகுதான்
பூஜ்யமும் ஒரு எண் என்று உறைத்தது.

ரன்டைம் என்ற சாக்கில் போட்டுத் தைத்துவிடலாம்.
வாசலில் யாரும் கேட்கமாட்டார்கள்.
நானும் தைத்திருக்கிறேன்.
மேலே, தலைமதகில், கவனமாக ஒரு தடுப்பும் கட்டினேன்.
இந்த வாய்க்காலோ சோம்பேறி,
கடைமடையில் ஒருவர் கேட்கும்வரை
ஒரு சொட்டு நகராது.
உடைப்பு அங்கே எடுத்தது,
என் தடுப்புக்கு வெகுதூரம் கீழே, ராத்திரி ஒன்பது மணிக்கு,
படித்து முடித்த முப்பத்தெட்டு கோப்பையும்
அடித்துக்கொண்டு.
சாக்கைப் பிரித்தால் உள்ளே ஒரு சாக்கு,
'இதனால் நேர்ந்தது' என்று.
அதற்குள் இன்னொன்று,
'இதனால் நேர்ந்தது'.
நாலாவதில் இருந்தது விஷயம்.

நேற்று வாசலையே இடித்துக் கட்டினேன்.
இனி வெளியே போவது எண் அல்ல, ஒரு சீட்டு.
அதில் ஈரப்பதம் இருக்கும், அல்லது காரணம்.
இரண்டும் சேர்ந்து இருக்காது,
இரண்டும் இல்லாமலும் இருக்காது.
அழகான வரி பதினேழு வரியாகப் பெருத்தது.
நாற்பத்தொரு சீட்டு வந்தது.
மூன்றில் காரணம்.

காலையில் உத்திராபதி போன் செய்தார்.
என் மூட்டை பாஸா, பெயிலா?
ரெண்டும் இல்லைங்க. உங்க நிலையத்துக் கோப்பு வரலை.
அப்ப அளக்கவே இல்லையா?
அளந்தாங்களான்னு எனக்குத் தெரியாது.

கொஞ்சநேரம் பேச்சில்லை.
போனுக்குள் தூறல் விழுகிற சத்தம்.
எந்தப் படிவத்திலும் அறிவிக்காத தை மாதத் தூறல்.

சரி, தார்ப்பாயை இழுத்துப் போடறேன் என்றார்,
வைத்துவிட்டார்.