சமதரைப் பரீட்சை

நுவரெலியாவில், குதிரைப் பந்தயத் திடலோரம்,
ஏழு நிமிசம்.
திரும்பச் சொன்னார், திரும்பினேன்.
நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன்.
தண்ணீர்க் கிளாசை டாஷ்போர்டில் வைத்திருந்தாலும்
சிந்தியிராத ரோட்டு அது.
"பாஸ்" என்றார், அடுத்த ஆளைப் பார்த்தபடி.
எல் போர்ட்டைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி
டிக்கியில் போட்டேன்.
இன்னமும் அங்கேதான் கிடக்கிறது.

நான் இருப்பது நானுஓயாவுக்குக் கீழே.
இங்கே எந்த வீடும்
ஒரு ஏற்றத்தின் முடிவிலோ
இறக்கத்தின் நடுவிலோதான்.
லைசனில் அந்த ஏற்றத்தை யாரும் எழுதித் தரவில்லை.

ஆகவே ஞாயிறுகளில், கோயில் மணிக்கு முன்னால்,
ஸ்டோர் வளைவில் காரை வேண்டுமென்றே நிறுத்துகிறேன்.
ஹேண்ட்பிரேக். முதல் கியர்.
கிளச் பாதி எழும்போது
பொனட் மெல்ல மூக்கைத் தூக்கும்,
அதுவரைக்கும் பொறுக்கணும்.
பொறுக்காத நாளின் கருகல் மணம்
சேலையில் வீடுவரை வரும்.
பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைத்திருக்கிறேன்.
கல்லில் முட்டினால் கொப்பியில் குறிப்பேன்:
மார்ச் ஒன்பது, மூன்று தடவை.
மார்ச் பதினாறு, ஒன்று. அதுவும் நாய் குறுக்கே வந்ததால்.

"அதான் லைசன் வந்திருச்சே, இன்னும் என்ன?"
என்கிறார் விமலேந்திரன்.
பதினாலு வருசமாய் ஆட்டோ ஓட்டுகிறார்,
கண்ணாடி பார்க்காமல்.

வியாழக்கிழமை.
வலயத்தில் கூட்டம் முடிந்து இறங்கி வருகிறேன்.
பனிமூட்டத்துக்குள்ளிருந்து
ஸ்கூல் விட்ட பஸ் ஏறி வருகிறது.
ஏறுகிறவனுக்கு வழி விடணும், புத்தகத்தில் இருக்கிறது.
எப்படி விடுவது என்பது இல்லை.
இடப்பக்கம் மண்சுவர்.
வலப்பக்கம் தேயிலையின் தலைகள், அப்புறம் வெள்ளை.
முப்பதடி பின்னால், மதகடியில், கொஞ்சம் அகலம்.
ஏற்றத்தில், பின்பக்கமாய்.

ஹோன் அடிப்பான் என்று பல்லைக் கடித்தேன்.
அடிக்கவில்லை.
எஞ்சினை அணைத்தான்.
அந்த அமைதியில் என் கிளச்சின் முனகல்
மலை முழுக்கக் கேட்டது.

ஜன்னல்களில் முகங்கள். எட்டாம் வகுப்பு.
நேற்றுத்தான் அவர்கள் கொப்பிகளில் சிவப்பு மையால்
"திரும்பச் செய்க" என்று எழுதியிருந்தேன்,
அநேகமாய் எல்லாருக்கும்.
முதல் தடவை நின்றது.
இரண்டாம் தடவை மண்சுவர் கதவைப் பிறாண்டியது.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் தேவலை.

பின்னக் கணக்கென்றால் வயிற்றுவலி வரும் கஜரூபன்
பாதி உடம்பை வெளியே நீட்டினான்:
"டீச்சர், ரைட்டுக்கு ஒடிங்க!
இன்னும், இன்னும்... ஆ, இப்ப நேராக்குங்க!"
தலையை உள்ளே போடு என்று கத்த வாய் வந்தது.
ஒடித்தேன். நேராக்கினேன்.
மதகுக் கல்லில் பின்டயர் மெதுவாய்த் தட்டியது.

பஸ் கடந்தது.
இடையில் ஒரு கொப்பி நுழையும், அட்டை போட்டிருந்தால் நுழையாது.
டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் தூக்கினார்.
நன்றியோ, போதும் தாயே என்றோ.

ஞாயிறு. மணி இன்னும் அடிக்கவில்லை.
கதவில் கோடு அப்படியே இருக்கிறது.
கல்லை இந்தத் தடவை
முன்சக்கரத்துக்கு வைக்கிறேன்.