பால் பல்

செவ்வாய்க்கிழமைகளில்
செயின்ட் லூயிஸ் நகரின் தேவாலய நிலவறையில்
ஏழு பெண்கள் உறை பிரிக்கிறார்கள்.
கையில் வெண்ணெய்க் கத்தி.
அதைவிடக் கூரான ஆயுதம் அங்கில்லை.

உறைக்கு ஒரு பல்.
பஞ்சில் சுற்றியது,
மருந்துச் சீட்டில் மடித்தது,
தீப்பெட்டிக்குள் உருள்வது.
ஒன்று சூயிங்கம்மோடு வந்தது, கடித்த தடத்தோடு.

"அன்புள்ள விஞ்ஞானி,
பார்த்துவிட்டு உடனே திருப்பி அனுப்பவும்.
பல் தேவதையிடம் இன்னும் காசு வாங்கவில்லை.
இப்படிக்கு, டுவைட்."

முதல் மாதம் இதற்கெல்லாம் சிரித்தார்கள்.
இப்போது வெர்னா ஹ்லாவட்டி
முன்பல்லா கடைவாயா என்று மட்டும் பார்க்கிறாள்.
சொத்தை உண்டா, வேர் கரைந்திருக்கிறதா,
அட்டையில் எண்,
முட்டைத் தட்டில் ஒரு குழி.

நெவாடாவில் வெடித்தார்கள்.
பாலைவனம்தானே, ஆளில்லை என்றது வானொலி.
காற்று வானொலி கேட்பதில்லை.
மிசௌரியில் மழை பெய்தது, நல்ல மழை,
விவசாயிகள் தொப்பியைக் கழற்றி நனைந்த மழை.
புல் குடித்தது. பசு புல்லைத் தின்றது.
ஸ்ட்ரான்சியம்
சுண்ணாம்பு போல வேஷம் கட்டிக்கொண்டு
பாலேறி வந்து எலும்பில் குடியேறியது.

என் மொழியில்
புல், பால், பல்.
மெய் இரண்டும் அப்படியே இருக்கின்றன.
இடையில் மாறுவது
உயிர் மட்டும்.

ஒடெஸ்ஸா கெய்ன்ஸ் காப்பி டப்பாவைக் கவிழ்த்தாள்.
அறுபத்து மூன்று பற்கள், அவள் சபையின் குழந்தைகளுடையவை.
"எங்கள் வாயை எந்த டாக்டரும் திறந்து பார்த்ததில்லை,
பல் மட்டும் வேண்டுமாக்கும்,
என்று கேட்டார்கள்" என்றாள்.
நீ என்ன சொன்னாய்?
"கொடுங்கள் என்றேன்.
மழை எந்தத் தெருவென்று பார்த்தா பெய்தது?"

நவம்பரில் கூட்டாட்சிக் கட்டடத்தின் முன்னால்
தள்ளுவண்டிகளோடு நின்றார்கள்.
'சோதனைகளை நிறுத்து' என்ற அட்டையில்
ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
லொரேன் அதை லிப்ஸ்டிக்கால் எழுதிச் சேர்த்தாள்.
வீட்டில் சமையல் யார் செய்கிறார்கள் என்று
ஒரு நிருபர் கேட்டான்.
கேட்டதை அப்படியே அச்சிட்டான்,
பதிலைத் தவிர.

வெர்னாவின் கணவன் மிலோ
விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடிக்கிறவன்.
"ரஷ்யாக்காரனிடம் போய்ப் பல்லைக் காட்டுங்கள்,
பயந்து ஓடிவிடுவான்" என்பான்,
தட்டைப் பார்த்தபடி.
அவளும் பதில் சொல்வதை விட்டுவிட்டாள்.
அந்த வீட்டில் ரொட்டி, உப்பு, வாடகை பற்றி மட்டும்
பேச்சு மிஞ்சியிருந்தது.

டிசம்பர். நிலவறையில் ஹீட்டர் பழுது.
கோட்டைக் கழற்றாமலே வேலை.
நாற்பதாவது உறையோ என்னவோ,
அனுப்புநர் முகவரி அவள் வீடு.

எழுத்து, தொழிற்சாலை வரைபடங்களில் இருப்பதுபோல
கட்டம் கட்டமாக.

குழந்தையின் பெயர்: ரோலண்ட்.
கர்ப்ப காலத்தில் தாய் வசித்த ஊர்:
இதே வீடு, மாடி அறை, வடக்கு ஜன்னல்.
(ஜன்னலை யாரும் கேட்கவில்லை.)
தாய்ப்பால் கொடுத்த காலம்:
ஏழு மாதம். பிறகு அவளுக்குக் காய்ச்சல்.
அதன்பின் கொடுத்த பால்:
கடைப்பால், நீல மூடி, நாளுக்கு நான்கு புட்டி.

வேறு குறிப்புகள் என்ற இடத்தில்
ஒரு வரி, அடித்து, திரும்ப எழுதியது:
காய்ச்சிக் கொடுத்தது நான்.

வெர்னா பேனாவை உதறினாள்.
குளிரில் மை இறங்க நேரமாயிற்று.
எண் போட்டாள்.
தட்டில் அடுத்த குழி.

"சொத்தையா?" என்றாள் ஒடெஸ்ஸா, தலை நிமிராமல்.

"இல்லை," என்றாள் வெர்னா.
"நல்ல பல்."