எட்டு வாரம்

வெலிமடையில் ஹேமமாலா
குட்டிகளைக் காட்டுமுன் தாயைக் காட்டினார்.
அது என் சப்பாத்தை முகர்ந்துவிட்டு
போய்ப் படுத்துக்கொண்டது.
தகப்பனின் இடுப்பு எக்ஸ்றேயை
ஜன்னலோடு சேர்த்துப் பிடித்தார்.
"குழியில எலும்பு சரியா உட்கார்ந்திருக்கு, பாருங்க."
எனக்குத் தெரிந்தது பனிமூட்டம்.

இனிக் கேள்வி கேட்பது நான் என்று நினைத்தேன்.
அவர்தான் கேட்டார்.
வீடு எத்தனை அடி?
லயக் காம்பராவை அடிக்கணக்கில் சொல்ல
வாய் வரவில்லை.
மரக்கறித் தோட்டம் அரை ஏக்கர் என்றேன்.
ரொட்வீலர் வளர்ந்தால் ஐம்பது கிலோ,
தீனிக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவீங்க?
முன்பு நாய் இருந்ததா?

இருந்தது.
போன மாசியில், லீக்ஸ் பாத்திக்கு அந்தப் பக்கம்
சங்கிலி மட்டும் கிடந்தது.
சிறுத்தை என்ற சொல்லை நான் எடுக்கவேயில்லை.

"கட்டியா வச்சிருந்தீங்க?"

அதற்குப் பிறகு குட்டியைத் தொடவும் விடவில்லை.
முற்பணத்தையும் திருப்பித் தந்தார்.
"எட்டு வாரம் ஆகட்டும். அதுக்குள்ள
கதவு வச்ச கூடு கட்டி, படம் அனுப்புங்க."

பஸ்ஸில் ஹக்கல வரைக்கும் கோபம்.
சீதா எலியவில் மழை. கோபம் கொஞ்சம் நனைந்தது.

இன்றைக்கு ஆறாவது ஞாயிறு.
தகரம் மூன்று, வலைக்கம்பி ஒரு சுருள்,
கடனுக்கு வாங்கிய அரை மூட்டை சீமெந்து.
"நாய்க்கா, மாட்டுக்கா?" என்று கேட்ட தவமலர்
குனிந்து உள்ளே போய்
கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.
பலமாகத்தான் உலுக்கினாள்.

கதவுக்குப் பழைய சங்கிலி போதும் என்றேன்.
வெளியே வந்து
கையிலிருந்த துருவைச் சேலையில் துடைத்தாள்.
"அது வேணாம்.
தாழ்ப்பாள் வாங்குவோம்."