மறுகா

திங்கட்கிழமை, காலை ஏழு பத்து.
வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பின்னால்
எங்கள் ஐஸ் பக்டரி.
கம்பிரசர் இரைச்சலுக்கு இந்தப் பக்கம், கந்தோர் அறையில்
ஆறு பேர் நிற்கிறோம்.
கதிரைகளை வெளியே போடச் சொன்னது நான்தான்.
இருந்தால் இடுப்பு கதை கேட்கும்,
நின்றால் கால் கணக்குக் கேட்கும்.

முதல் கிழமை ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நஜ்முதீன் லொறிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.
மெஷின் பார்க்கிற புவிதரன் சுவர்ப் பல்லியைப் பார்த்தான்.
கணக்கெழுதும் ஜெசீமா
கொப்பியில் திகதி போட்டாள், அடிக்கோடு இழுத்தாள்,
நான் பேசியதை எழுதினாள்.
பதினைந்து நிமிடம் நானே பேசி
நானே தலையாட்டி முடித்தேன்.
அறிவித்தல் ஒன்றைக் கூட்டம் என்று பதிந்தோம்.

இரண்டாம் கிழமை அடைமழை.
மூன்றாம் கிழமை கரண்ட் இல்லை.
'இண்டைக்குமா?' என்றார் சில்வெஸ்டர்,
இருட்டுக்குள் எங்கோ நின்று.
'திங்கள் வந்திட்டே' என்றேன்.
வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை.

நாலாம் கிழமை என் பேச்சை வெட்டிக் குறைத்தேன்.
போன கிழமை என்ன சொன்னீங்க?
நடந்ததா?
எது மறிச்சது?
பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.
சம்பளம் கொடுத்துப் பழகிய வாய்,
அவ்வளவு இலேசில் மூடாது.

அப்போதுதான் அந்தச் சொல் வரிசையில் வந்தது.
'உப்புத் தண்ணித் தொட்டி ஒழுகுது, மறுகா பாப்பம்.'
'கல்குடாப் படகுக்காரர் காசு தரயில்ல, மறுகா கேப்பம்.'
'டயரா? மறுகா.'
வாவித் தண்ணீரைப்போல
போவதாகத்தான் தெரியும்.
எங்கள் ஊரில் அது
கோபமில்லாமல் கதவு சாத்துகிற கை.

வாயில் ஊறிய சொல்லை எப்படித் தடுப்பது?
ஒன்று மட்டும் கேட்டேன்:
மறுகா என்றால்
பின்னால் ஒரு நாளின் பேர் வரவேண்டும்.

மறுகா, வியாழன். நஜ்முதீன்.
மறுகா, நாளைக்கு விடிய. புவிதரன்.
நாளையும் ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள் ஜெசீமா.
தொட்டி அடைபட்டது.
கல்குடாக் காசில் பாதி வந்தது,
மீதிக்கு ஒரு சூரை மீன் வந்தது,
அதையும் கொப்பியில் ஏற்றினோம்.

பதினோராம் கிழமை.
கொப்பி மூடப்போகிற நேரம்
அஸ்ஜத், ஐஸ் பார் இழுக்கிறவன்,
அதுவரை 'ஒண்டுமில்ல' தவிர ஒன்றும் சொல்லாதவன்,
பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னே கொண்டுவந்தான்.
விரல் நுனியெல்லாம் உப்பில் வெடித்திருந்தது.
'கையுறை, அக்கா. வந்த மாசமே கேட்டன்.'
'ஓம் தம்பி, மறுகா வாங்குவம்'
என்று என் வாய்
என்னைக் கேட்காமலே சொன்னது.

கம்பிரசர் மட்டும் இரைந்தது.
பல்லியைப் பார்க்கப் புவிதரனுக்கு மறந்துபோயிற்று.
'எந்த நாள், அக்கா?'
மெல்லத்தான் கேட்டான் அஸ்ஜத்.
ஜெசீமாவின் பேனை ஏற்கெனவே கடதாசியில் ஊன்றியிருந்தது.
'வெள்ளி.'
'பேர்?'
பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டதுபோல
நிமிர்ந்து நின்று சொன்னேன்,
'தவமலர்.'

கையுறை வந்தது சனிக்கிழமை.
செங்கலடியில் கடை பூட்டு,
ஏறாவூரில் அளவில்லை,
காரணங்கள் இருந்தன, நல்ல காரணங்கள்.
திங்கள் ஏழு பத்துக்கு
என் முகத்தைப் பாராமல் வாசித்தாள் ஜெசீமா:
'கையுறை, நாலு சோடி. தவமலர். ஒரு நாள் பிந்தி.'
'எது மறிச்சது?'
கேட்டவர் நஜ்முதீன்.
சாவி அவர் பொக்கற்றுக்குள் இருந்தது.

சொல்லத் தொடங்கினேன்.
செங்கலடி என்று ஆரம்பித்து, நிறுத்தி,
'வியாழக்கிழமைதான் தேடத் தொடங்கினேன்' என்றேன்.
அதை அப்படியே எழுதினாள்.

வெளியே ஒரு படகு
ஐஸுக்கு ஹோர்ன் அடித்தது.
ஒருவரும் அசையவில்லை,
ஏழு இருபத்தைந்துக்கு
இன்னும் நாலு நிமிடம் கிடந்தது.