பெருக்கு நேரம்

பஸ்ஸின் முதற்படி பதினேழு அங்குலம்.
சும்மா சொல்லவில்லை, அளந்து பார்த்தவள்.
தையல்காரிக்கு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும்.

அலஸ்தோட்டச் சந்தி, காலை ஏழே கால்.
நிலாவெளிப் பக்கமிருந்து வந்த மூன்று பஸ்கள்
எங்கள் இரண்டு கதிரைகளையும் கண்டு
வேகம் எடுத்தன.
நான்காவது நின்றது.
எங்களுக்காக அல்ல,
மீன்பெட்டியோடு கைகாட்டிய ஒருவருக்காக.
அவர் பெட்டியை ஏற்றி முடிப்பதற்குள்
இரண்டு பேர் எங்களைத் தூக்கினார்கள்.

தூக்குகிற கைகளை எனக்குத் தெரியும்.
கேட்டுத் தொடுகிற கை,
கேளாமல் அக்குளுக்குள் போகிற கை,
"பாவம்" என்று சொல்லிக்கொண்டே தூக்குகிற கை.
அந்தக் கடைசிக் கையில்
நான் இன்னும் பத்துக் கிலோ கனப்பேன்.

கொண்டக்டர் பொடியன்,
விரலிடுக்கில் தாள்கள் விசிறி மாதிரி.
"அக்கா, ஆளுக்கு டிக்கெட் சரி.
கதிரைக்கு?"
"கதிரையிட்டயே கேளுங்க தம்பி" என்றாள் ரிஸ்மினா.
"அதென்ன சீற்றுல இருந்துக்கிட்டா வருது?
மடிஞ்சு, மூச்சு உடாம, கீழ கிடந்து வருது."
பஸ் சிரித்தது.
அவனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

நிலையத்தில் இறக்கினார்கள்.
வெயில் ஏறாத நேரம்.
புள்ளிமான் ஒன்று பழைய பேப்பரை மென்றபடி
நடைபாதையில் ஏறி, இறங்கி,
என்னவோ மறந்ததுபோல் திரும்ப ஏறியது.
அந்த விளிம்பு ஒன்பது அங்குலம்.
மானுக்கு அது ஒரு சங்கதியே இல்லை.
நாங்கள் தார்வீதியில்,
ஓட்டோக்களின் ஹோர்ன் முதுகில் விழ விழ,
இறங்குதுறைக்கு உருண்டோம்.

மூதூரில் ரிஸ்மினாவின் மச்சிக்குக் கலியாணம்.
என் மடியில் எட்டுச் சட்டைகள்,
ஒன்றுக்கு இன்னும் கொக்கி தைக்கவில்லை.
பாலம் வந்த பிறகு எல்லோரும் தரையால்தான் போகிறார்கள்.
தரையால் போனால் இன்னும் ஒரு பஸ்,
ஏற ஒரு தூக்கு, இறங்க ஒரு தூக்கு.
"கடலால போவம் புள்ள,
தூக்கிறவங்களுக்கும் வேற ஆக்கள் கிடைக்கட்டும்."

படகு ஆடிக்கொண்டு நின்றது.
பலகைக்கும் துறைக்கும் நடுவே
வழமைபோல நாடாவை இறக்கினேன்.
திரும்பவும் இறக்கினேன்.
அளக்க ஒன்றுமில்லை.

"பெருக்கு" என்றார் கயிறு பிடித்தவர்.
"இன்னுமொரு கால் மணித்தியாலம் இப்பிடி நிக்கும்.
பிறகு வத்தும்."

முதலில் சைக்கிளோடு ஒரு மனிசன் ஏறினார்.
அடுத்து ஒரு ஆடு, அதன் சொந்தக்காரி.
அடுத்து நாங்கள்.
எங்களுக்குப் பின்னால் ஒரு காஸ் சிலிண்டர்.
ஒருவரும் தூக்கவில்லை.
ஒருவரும் பார்க்கவுமில்லை.
எழுத வேறொன்றும் இல்லை,
உருண்டு ஏறினோம்.

குடாவின் நடுவில் பிரேக்கை இறுக்கிவிட்டு
ரிஸ்மினா கேட்டாள்:
"கடலுக்கு ஆரு சொல்லிக் குடுத்த?"
என்னிடம் பதில் இல்லை.
நாடாவின் நுனி நனைந்து
ஒன்றாம் இலக்கம் அழிந்திருந்தது.

மூதூரில் இரண்டு அங்குலம் வத்தியிருந்தது.
முன்சில்லை உயர்த்தி நானே ஏறினேன்.
கொக்கியைப் பந்தலுக்குள் இருந்து தைத்தேன்.
புரியாணியின் கறுவா மணம் இப்போதும் விரலில்.

பின்னேரம் திரும்பி வர
துறை எங்கள் தலைக்கு மேலே நின்றதுபோல் இருந்தது.
அளந்தால் பதினோரு அங்குலம்தான்.
காலையில் கயிறு பிடித்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்.
வேறு யாரோ வந்தார்,
வாயில் அந்தச் சொல்லோடு.
கனத்தேன்.

இரவு ஓடர்க் கொப்பியைத் திறந்தேன்.
தவநிதி ரீச்சர், மார்பு முப்பத்தெட்டு, கை ஒன்பது.
அதற்குக் கீழே,
கடல், காலை எட்டு நாற்பது: பூச்சியம்.
அதற்கும் கீழே,
பஸ் படி: பதினேழு.
பக்கத்தில், உடுப்புத் திருத்தக் கொண்டு வருகிறவர்களுக்கு
எழுதுவது போலவே,
குறைக்கவும்.