எண் போடட்டுமா?

செதூபல் துறைமுகத்தை ஒட்டிய என் கடையில்
காலை வணக்கத்துக்கு அடுத்து நான் கேட்பது இதைத்தான்:
ரசீதில் வரி எண் போடட்டுமா?

பாதிப் பேர் கையசைத்துவிடுவார்கள்.
மத்தி பிடிக்கும் ஃபாஸ்தினோ
"ரசீது இல்லாட்டி விலை குறையுமா?" என்பான்,
தினமும், புதிதாகக் கேட்பவன் போல.
குறையாது.
கிழித்து அவன் உள்ளங்கையில் வைப்பேன்.
வாசலைத் தாண்டுமுன் கசக்கிப் போடுவான்.
எட்டு வருடமாக இந்தத் தரையில் நான் கூட்டுவது
மாவைவிடக் காகிதம்தான் அதிகம்.

அதெலினோ மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொல்வார்,
ஒன்பது இலக்கம்,
மும்மூன்றாக, நடுவில் மூச்சு வாங்கி.
இரண்டு ரொட்டி, நாற்பது சென்ட்.
வீட்டு வரவு செலவெல்லாம் மனைவி எண்ணில்.
தன்னுடையது அவருக்கு மனப்பாடம் இல்லை.

பிப்ரவரியில் கிராசியேத் இறந்தாள்.
மார்ச்சில் வந்து
ஒரு ரொட்டி கேட்டார்.
எண் அதேதான்.

அடித்தேன்.
இயந்திரத்துக்கென்ன,
கூட்டிப் பார்த்துச் சரி என்றது.

கணக்கர் வாந்தா சரி என்னவில்லை.
"செத்தவளுக்கு ரொட்டி விற்கிறாயா?
இந்தக் கோப்பு மாதாமாதம் அரசுக்குப் போகிறது."
போன முறை மூன்று நாள் தாமதத்துக்குக் கட்டிய அபராதம்
மாவு பிசையும் இயந்திரத்தின் புதுப் பட்டைக்கு வைத்திருந்த பணம்.
வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அவர் சொல்லச் சொல்ல
ஒன்பது இடத்தில் விரலை வைத்தேன்,
அழுத்தவில்லை.
காகிதம் வந்தது:
இறுதி நுகர்வோர்.
கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வராது.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்,
பொத்தானும் போட்டார்.

வரித்துறையிடம் ஒரு சென்ட் மறைத்ததில்லை நான்.
இவரிடம் தினமும்
ஒன்பது இலக்கம்.

இன்று இருபதாம் தேதி.
காலாண்டு வாட் கணக்கு, கடைசி நாள்,
பதினொன்றரை மணி.
உள்நுழைய எண் கேட்கிறது திரை.
அரைத்தூக்கத்தில் தட்டுகிறேன்,
மும்மூன்றாக, நடுவில் மூச்சு வாங்கி.
கடவுச்சொல் பொருந்தவில்லை.
மறுபடி. பொருந்தவில்லை.

அப்புறம்தான் பார்த்தேன் யாருடைய எண்ணென்று.

இன்னொரு தடவை தவறினால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள்.
நள்ளிரவுக்கு இருபத்தேழு நிமிடம்,
அடுப்பு மூட்ட மூன்று மணி நேரம்.
பின்னாலிருந்து
ஒவ்வொன்றாக
அழிக்கிறேன்.