விளக்கேந்தி

ட்ராம் பணிமனையில் பிரேக் கட்டை மாற்றுகிறவன் நான்.
வெள்ளிக்கிழமை மாலை நகக்கண்ணில் ஏறிய கிரீஸை
மணல் சோப்பால் தேய்த்துத் தேய்த்து எடுப்பேன்.
சீட்டுகள் உறைக்குள்தான் இருக்கின்றன.
இருந்தாலும் ஒரு மரியாதை.

ஒஸ்த்ராவாவில், சைக்கிள் கடை மாடியில்,
பதினாறு பேர், எட்டு மேசை, திறக்காத ஒரு ஜன்னல்.
டயர் வாசனை, நனைந்த கோட்டு வாசனை.
ரதிம் உயிர்ப்புள்ளிகளைப் பென்சிலால் எழுதுவான்,
பகடையை நம்பமாட்டான், முழங்கை பட்டால் உருண்டுவிடுமாம்.
ஸ்லாவ்கா கலைக்கும்போது பேசமாட்டாள்.
அறுபது சீட்டு, ஏழு முறை.
பிறகு எதிராளி முன் வைத்து
'வெட்டு' என்பாள்,
கழுத்தை நீட்டுகிற மாதிரி.

என் கட்டில் நான்கு சதுப்பு விளக்கேந்திகள்.
ஒன்று இரண்டு கொருனா, பேருந்தில் விட்டுவிட்டால்கூட
யாரும் திரும்பி ஓடாத விலை.
படத்தில் முட்டியளவு சேற்றில் ஒரு ஒல்லி ஆள்.
தேடப் போகிறானா, தொலைந்து நிற்கிறானா, தெரியாது.
அடியில் எழுதியிருக்கும்:
இது மடிந்தால் உன் இடுகாட்டிலிருந்து
ஒரு சீட்டு உன் கைக்குத் திரும்பும்.
எது என்பதை எதிராளி சொல்வார்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் ஊரே அதை ஒதுக்கியது.
சாவியை எதிராளியிடம் கொடுத்துவிட்டு
வீட்டைப் பூட்டுவாயா என்றான் ரதிம்.
நான்கு வருடம் பூட்டினேன்.
இடுகாட்டில் இரண்டே சீட்டு கிடக்க வேண்டும்,
இரண்டும் அவனுக்கு ஆகாததாக.
சூட்சுமம் அவ்வளவுதான்.
அது பிடிபட ஒரு குளிர்காலமும்
பதினொரு தோல்வியும் ஆயின.

போன மாதம் லியோனில் பெரும்போட்டி.
சனி இரவு, சமையலறையில், ஒலியைக் குறைத்து,
உருளைக்கிழங்கு சூப்பில் கரண்டியை மறந்துவிட்டுப் பார்த்தேன்.
அரையிறுதி. ஃபிலிப்பா என்றொரு போர்த்துகீசியப் பெண்
மேசையில் அவனை இறக்கினாள்.
என் ஒல்லி ஆளை.
வர்ணனையாளர் அவன் அடிவரியை இரண்டு முறை வாசித்துச் சிரித்தார்.
மூன்றாவது முறை சிரிக்கவில்லை.
அவள் இடுகாட்டில் இரண்டே சீட்டு.
நான் கத்திய கத்தலில் பக்கத்து வீடு சுவரைத் தட்டியது,
யார்மிலா எழுந்து வந்து யார் செத்தது என்றாள்.

ஃபிலிப்பாவுக்கு என்னைத் தெரியாது.
தெரிய வேண்டியதும் இல்லை.
தனியாக உட்கார்ந்து போட்ட கணக்கு
இன்னொரு சமையலறையிலும் ஓடியிருக்கிறது.
மகிழ்ச்சிதான். முழு மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன்.
ஞாயிறு மதியம் விலை நூற்றுத் தொண்ணூறு.
நான்கையும் விற்றால் ஒரு ஜோடி நல்ல பூட்ஸ்.
என் பூட்ஸ் ஒழுகுகிறது.
விற்காததற்குக் கொள்கை ஒன்றும் காரணமில்லை,
வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

பதினாறு பேரில் ஒன்பது பேர் கையில் அவன்.
எல்லோரும் அதற்கு மருந்தும் கொண்டுவந்திருந்தார்கள்,
இடுகாட்டைத் துடைத்தெறிகிற சீட்டு, மும்மூன்று.
முதல் சுற்றில் போனேன். இரண்டாவதிலும்.
மூன்றாம் சுற்று வீதெக். வயது பதினான்கு, பல்லில் கம்பி,
இதைப் பிடித்து ஐந்தே நாள்.
'லியோன் கட்டு' என்றான் பெருமையாக.
அடுத்த மேசையில் ரதிம் வாயைத் திறந்தான்,
என்னைப் பார்த்தான்,
பென்சிலைச் சீவ ஆரம்பித்தான்.

பையன் நன்றாக ஆடினான்.
நான் அவசரப்படுகிற இடத்தில் பொறுத்தான்.
கடைசியில் அவன் விளக்கேந்தியை நானே கொன்றேன்,
வேறு வழி வைக்கவில்லை அவன்.
இடுகாட்டை விரித்துக் காட்டினான்.
இரண்டே சீட்டு.
'எது?' என்றான்.

நான்கு வருடமாக நான் கேட்ட கேள்வி.
யாரும் என்னைக் கேட்டதில்லை.
இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்
சேற்றில் நிற்கிறவன் தலைகீழாகத் தெரிகிறான்,
விளக்கு மட்டும் என் பக்கம்.
இடது சீட்டு என்றால் இந்தச் சுற்றில் சாவு.
வலது என்றால் அடுத்ததில்.

'மூன்று நிமிடம்' என்று கடைக்காரர் குரல்.
வீதெக் காத்திருந்தான்.
அவன் நகத்தில் நீல மை.
நான் அவசரப்படவில்லை.